'கார்சினோமா' என்றால் புற்றுநோய்தானா, டாக்டர்?

போன இதழில் பயாப்சி ரிப்போர்ட் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பலர் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். தனி ஒருவரின் ரிப்போர்ட்டுக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, அது உங்களை நேரில் பார்க்கிற டாக்டர் செய்ய வேண்டியது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அந்த ரிப்போர்ட்டை எழுதுகிறவர். நாங்கள் எழுதிய சொல் புரியாமல் ஒரு குடும்பம் தவிக்கிறது என்றால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: அப்பாவின் நாக்கில் ஆறாத புண். துணுக்கு எடுத்துப் பார்த்ததில் 'மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. கேன்சர் என்று எங்கேயும் போடவில்லையே, அப்படியானால் கேன்சர் இல்லைதானே?
– ஒரு மகன்

கேன்சர்தான், தம்பி. இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குத்தான் நாள் வீணாகும். இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு, புண் பெரிதான பிறகு வந்தவர்கள் உண்டு.

நம் தோல், வாய், உணவுக்குழாய், நுரையீரல், குடல், சிறுநீர்ப்பை, மார்பகத்தின் பால் குழாய்கள், இப்படி உடம்பின் வெளிப்பக்கத்தையும் உள்ளே இருக்கிற குழாய், பை, சுரப்பி எல்லாவற்றின் உட்பக்கத்தையும் ஒரு படலம் மூடியிருக்கிறது. எபிதீலியத் திசு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் படலத்தின் செல்லில் ஆரம்பிக்கிற புற்றுநோய்க்குத்தான் கார்சினோமா என்று பெயர். எலும்பு, தசை, கொழுப்பு போன்றவற்றில் வந்தால் சார்கோமா, ரத்தச் செல்களில் வந்தால் லுகேமியா, நிணநீர்ச் செல்களில் வந்தால் லிம்போமா. மனிதர்களுக்கு வருகிற புற்றுநோய்களில் 80 முதல் 90 சதவீதம் வரை கார்சினோமாதான். ஏன் இந்தப் படலத்தில் மட்டும் இவ்வளவு? புகையோ வெயிலோ வைரஸோ எது வந்தாலும் முதலில் அடி வாங்குவது அதுதான். தவிர, அது தேய்ந்து தேய்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கிறது, குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒரு முறை முழுக்க மாறிவிடும். அத்தனை முறை செல் பிரியும்போது பிழை நேர வாய்ப்பும் கூடுகிறது.

கார்சினோமா என்ற பெயர் கிரேக்கத்தில் நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக்குழாய்கள் நண்டின் கால்கள் போல இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள், பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்துச் சொல். நாம் புற்று என்கிறோம். வெளியே தெரிவது ஒரு மேடு, உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் நண்டைவிட இதுதான் பொருத்தமான பெயர்.

இனி உங்கள் ரிப்போர்ட்டில் மிச்சம் இருக்கிற சொற்கள். ஸ்குவாமஸ் செல் என்றால் தட்டையான, செதில் போன்ற செல். வாய், தொண்டை, உணவுக்குழாயின் மேல்பகுதி, கருப்பை வாய், தோல் எல்லாம் இந்தச் செல்களால் மூடப்பட்டவை. சுரப்பிச் செல்லில் வந்தால் அடினோகார்சினோமா. மார்பகம், குடல், இரைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவற்றில் பெரும்பாலும் இதுதான். தோலின் அடி வரிசைச் செல்லில் வருவது பேசல் செல் கார்சினோமா, இது மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். நுரையீரலில் ஸ்குவாமஸ், அடினோ என்ற இரண்டு பெரிய வகைகளும் வரும், ஸ்கேனில் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தாலும் வகையைப் பொறுத்து மருந்தே மாறிவிடும். அதனால்தான் வெறுமனே 'கேன்சர்' என்று எழுதாமல் வகையை எழுதுகிறோம். எங்களுக்கு அது துல்லியமான சொல், உங்களுக்கு அது புரியாத சொல், அந்த இடைவெளியில்தான் நாட்கள் போகின்றன.

'மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட்' என்பது சாயலைப் பற்றியது. புற்றுச்செல் எந்தச் செல்லிலிருந்து வந்ததோ அதன் சாயல் இன்னும் நன்றாகத் தெரிந்தால் 'வெல்', ஓரளவு தெரிந்தால் 'மாடரேட்லி', அடையாளமே தெரியாமல் மாறிவிட்டால் 'புவர்லி'. உங்கள் அப்பாவுடையது நடுவில் இருக்கிறது. நாக்கில் வருவதற்குப் பொதுவாக முதலில் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் அப்புறம் ரேடியேஷன் என்று போவார்கள். இந்த வாரமே தலை, கழுத்துப் புற்றுநோய் பார்க்கிற அறுவை சிகிச்சை நிபுணரிடம் ரிப்போர்ட்டோடு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. டாக்டர் ஊசி வைத்துத் துணுக்கு எடுக்கச் சொல்கிறார். ஊசி பட்டால் சும்மா கிடக்கிற கட்டி பரவிவிடும், அதைச் சீண்டாதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. தள்ளிப்போடாதீர்கள்.

இந்தப் பயம் எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒருவருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கும், வெளியே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் பயாப்சி நடக்கும். அடுத்த சில வாரங்களில் நோய் தன் போக்கில் முற்றும். பார்க்கிறவர்களுக்கு ஊசி போட்ட பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது போலத் தோன்றும், அந்தக் கதை பத்து வீடு பரவும். ஊசி போன பாதையில் செல் சிந்தி வளர்வது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது மிகவும் அபூர்வம், அதையும் மனதில் வைத்துத்தான் எந்தப் பக்கத்திலிருந்து ஊசி போக வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். ஊசியைத் தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு, விதைப்பையில் சந்தேகமான கட்டி என்றால் ஊசி குத்தாமல் விதையை முழுதாக எடுத்துத்தான் பார்ப்பார்கள், கல்லீரல் சுருங்கிய நோயாளியின் கல்லீரல் கட்டியைச் சில நேரம் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன் வைத்தே உறுதி செய்துவிடுவார்கள். மார்பகக் கட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

வலி இல்லை என்பதை ஒரு நிம்மதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்பகக் கார்சினோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம் மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை, ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதாரணக் கட்டியோ நீர்க்கட்டியோவாக இருக்கும். இரண்டில் எது என்று தடவிப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, உங்கள் சொந்தக்காரர்களாலும் முடியாது.

மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது எஃப்என்ஏசி. கொஞ்சம் தடிமனான ஊசியில் பென்சில் முனை மாதிரி ஒரு துண்டையே எடுப்பது கோர் பயாப்சி. மார்பகத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. காரணம் இருக்கிறது: தனித்தனி செல்லைப் பார்த்து அது புற்றுச்செல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்ததா என்று சொல்ல, திசு கலையாமல் இருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் அந்தத் துண்டில்தான் செய்கிறோம். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இந்த மூன்றும் சேர்ந்துதான் காட்டும்.

ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள் என்று பலர் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். துணுக்கு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும், மார்பகத் துணுக்கு என்றால் குறைந்தது 6 மணி நேரம். அப்புறம் நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை 300 பங்கு போட்டால் எவ்வளவோ அவ்வளவு மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். ஏற்பிப் பரிசோதனைக்கு இன்னும் சில நாள் ஆகும். இதில் அவசரப்பட்டால் பதில் தப்பாகும். ஒரு முறை எங்கேயோ எடுத்த துணுக்கை ஃபார்மலினுக்குப் பதில் உப்புநீரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோது செல்கள் கரைந்து ஒன்றுமே சொல்ல முடியாத நிலை. அந்த அம்மாவுக்கு மறுபடியும் ஊசி. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் பல வருடம் பாதுகாத்து வைப்பார்கள். இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமானால் மறுபடி ஊசி வேண்டியதில்லை, 'பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும்' என்று கேட்டு வாங்கி வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். கேட்கத் தயங்காதீர்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கேள்வி: புகை இல்லை, மது இல்லை, தினமும் நடப்பேன். எனக்கு நுரையீரல் அடினோகார்சினோமா. நான் என்ன தப்புச் செய்தேன்?

ஒரு தப்பும் செய்யவில்லை. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, நோய் உண்டாகிற விதமே அப்படி.

ஒரு செல் புற்றாவதற்கு அதன் மரபணுவில் ஒரு பிழை போதாது, பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். 'பிரி' என்கிற கட்டளை நிற்காமல் ஓட வேண்டும், 'நில்' என்கிற கட்டளை பழுதாக வேண்டும், பிழை கண்ட செல்லைச் சாகச் சொல்கிற பி53 போன்ற காவல் மரபணு செயலிழக்க வேண்டும், நோய் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் ஒளியத் தெரிய வேண்டும். பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் என்ற ஒரு சிறு சதை வளர்ச்சி கார்சினோமாவாக மாறச் சாதாரணமாக 10 வருடம் போல ஆகும். வயது ஏற ஏறப் புற்றுநோய் கூடுவதற்கு இதுதான் முதல் காரணம். இந்தப் பிழைகளில் ஒரு பகுதி, செல் பிரியும்போது தானாகவே நேர்வது, அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அதற்காக வெளிக்காரணம் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்று வருவதையும் அதற்குப் புகைக்கரி காரணம் என்பதையும் எழுதினார். சின்னப் பையன்களாக இருக்கும்போதே அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், வளர்ந்த பிறகு நோய் வந்தது. 1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் தார் தடவி, வெளிப்பொருள் ஒன்றால் கார்சினோமாவை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்று பட்டியல் நீளம்: புகையிலை எந்த வடிவில் என்றாலும், மது, பாக்கு, புறஊதாக் கதிர், ஆஸ்பெஸ்டாஸ், ரேடான் வாயு, உடல் பருமன். கிருமிகளும் உண்டு. எச்பிவி வைரஸால் கருப்பை வாயிலும் தொண்டையிலும், ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களால் கல்லீரலிலும், ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவால் இரைப்பையிலும் வரலாம். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக் கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையிலையை நிறுத்தச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். ஆனால் அதே கணக்கு, மீதிப் பாதியையோ அதற்கு மேலேயோ நம் பழக்கத்தின் தலையில் கட்ட முடியாது என்றும் சொல்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புகைக்காதவர்களுக்கு நுரையீரலில் வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமாதான். வெளிக்காற்று மாசையும் 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான காரணிகளில் சேர்த்துவிட்டது. இந்த நோயாளிகளில் பலருக்கு இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கும், இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. 'ஏன் எனக்கு' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 'என் கட்டியில் இந்த மரபணுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா' என்று நாளைக்கே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு அவரிடம் பதில் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. எனக்கும் வருமா?

வர வேண்டும் என்று இல்லை. பரம்பரையாக வரும் ஒற்றை மரபணுக் கோளாறால் உண்டாவது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் அம்மாவுக்கு 50 வயதுக்கு முன் வந்திருந்தாலோ, இரண்டு மார்பிலும் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பை, மார்பகம் அல்லது பெருங்குடல் புற்றுநோய் பல பேருக்கு இருந்தாலோ மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களுக்கான பரிசோதனை உங்களுக்கு வேண்டுமா என்று அவர் சொல்வார். முடிந்தால் முதலில் நோய் வந்தவருக்குச் செய்வதுதான் முறை.

கேள்வி: ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜா? வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள்.

இல்லை, இல்லை. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது செல்லின் குணம், மைக்ரோஸ்கோப்பில் அது எவ்வளவு முரடாகத் தெரிகிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று நான் எழுதுவது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பிரான்ஸைச் சேர்ந்த பியர் டெனுவா 1940களில் வகுத்த டிஎன்எம் முறைதான் இன்றும் அடிப்படை: டி என்றால் கட்டி எவ்வளவு பெரியது அல்லது எவ்வளவு ஆழம், என் என்றால் நெறிகட்டிகளுக்குப் போயிருக்கிறதா, எம் என்றால் தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா. ஸ்கேன் முடியாமல் ஸ்டேஜ் சொல்ல முடியாது, சில நேரம் அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் சரியான ஸ்டேஜ் தெரியும். கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலும் இருக்கலாம். அழுகையை நிறுத்திவிட்டு ஸ்கேன் தேதியைக் கேளுங்கள்.

கேள்வி: 'இன் சிட்டு' என்று போட்டிருக்கிறதே?

முதலில் சொன்ன எபிதீலியப் படலத்துக்குக் கீழே ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது. செல்கள் புற்றுச்செல்களாக மாறியும் இன்னும் அந்தச் சுவரைத் தாண்டவில்லை என்று அர்த்தம். ஸ்டேஜ் பூஜ்யம் என்போம். ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதால், இந்த நிலையில் அது வேறு இடத்துக்குப் போக வழியில்லை. நான் எழுத விரும்புகிற ரிப்போர்ட்டுகளில் இது ஒன்று. அதற்காக விட்டுவிடக் கூடாது, சிகிச்சை உண்டு.

கேள்வி: ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் உடம்பு முழுக்க கேன்சர் இருக்கிறதா என்று பார்க்க முடியாதா? சிஇஏ, சிஏ125 எல்லாம் எடுத்தேன், ஒன்று கொஞ்சம் கூடியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

ரத்தத்தில் சில புரதங்களை அளக்கும் அந்தப் பரிசோதனைகள் முக்கியமாக நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பின்தொடர உதவுபவை. சிஏ125 மாதவிடாய் நாட்களிலும் கருப்பையின் உட்படலம் வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸிலும்கூட ஏறும், சிஇஏ புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடவே இருக்கும். நோய் இருந்தும் அளவு சாதாரணமாக இருக்கிறவர்களும் உண்டு. ஆக, கூடினால் கேன்சர் என்றும் இல்லை, குறைந்தால் இல்லை என்றும் இல்லை. எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு கட்டாக இவற்றை எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, பயத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

உண்மையிலேயே பலன் தருகிற முன்பரிசோதனைகள் உண்டு. பாபநிகோலோ கண்டுபிடித்த, செல்களை வழித்தெடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியர், அதோடு எச்பிவி பரிசோதனை கருப்பை வாய்க்கு, மாமோகிராம் என்கிற எக்ஸ்ரே மார்பகத்துக்கு, குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி அல்லது மலத்தில் மறைந்த ரத்தம் பார்ப்பது பெருங்குடலுக்கு. கொலனோஸ்கோப்பியில் பாலிப்பை அங்கேயே எடுத்துவிட்டால் வரப்போகும் கார்சினோமாவையே எடுத்த மாதிரி. எந்த வயதில் எது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கூடியிருக்கிற அந்த எண்ணையும் அவரிடமே காட்டுங்கள், பெரும்பாலும் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. எச்பிவி தடுப்பூசி போடலாமா? இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இந்த வயதில்தான் போட வேண்டும். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முதலிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்பிவி 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது, 2006லேயே தடுப்பூசி வந்துவிட்டது. ஒரு புற்றுநோயை ஊசி போட்டுத் தடுக்க முடியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! கருப்பை வாய்க் கார்சினோமா ஸ்லைடுகளை நான் பார்க்காத வாரமே இல்லை, அவற்றில் பெரும்பாலானவை வந்திருக்கவே வேண்டியதில்லை. பையன்களுக்கும் போடலாம். தடுப்பூசி போட்டாலும் பெரியவளான பிறகு முன்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று 6 வருடம் முன்பு சிகிச்சை முடிந்தது. இப்போது நுரையீரலில் புள்ளிகள். 'இதுவும் மார்பகப் புற்றுநோய்தான்' என்கிறார் டாக்டர். நுரையீரலில் எப்படி மார்பகப் புற்றுநோய் இருக்கும்?

இருக்கும். புற்றுச்செல் எங்கே போனாலும் பிறந்த இடத்தின் அடையாளத்தைக் கொண்டுபோகிறது. பெரும்பாலும் நுரையீரலிலிருந்து துணுக்கு எடுத்து, ஏற்பிச் சாயங்களை ஏற்றிப் பார்த்திருப்பார்கள். அது நுரையீரல் கார்சினோமாவின் சாயத்தை ஏற்காமல் மார்பகத்தின் சாயத்தை ஏற்றிருக்கும். 1889இல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கில மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி, இது சும்மா ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் போவதில்லை, விதைக்கு ஏற்ற மண் கிடைக்கிற இடத்தில்தான் முளைக்கிறது என்றார். எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை இவைதான் மார்பகப் புற்றுநோய்க்கு அந்த மண். அதனால் அக்காவுக்குத் தருவது மார்பகப் புற்றுநோய் மருந்தாகத்தான் இருக்கும். பழைய கட்டியில் இருந்த ஏற்பி புதியதில் மாறியிருக்கலாம், மறுபடி பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டியை உடனே வெட்டி எடுக்காமல் ஆறு கீமோ முடிந்த பிறகுதான் ஆபரேஷன் என்கிறார்கள். நாள் கடத்துகிறார்களா?

இல்லை. பல கார்சினோமாக்களுக்கு இப்போது அதுதான் முறை. முதலில் கீமோ கொடுத்தால் கட்டி சுருங்கும், பெரிதாக வெட்ட வேண்டிய இடத்தில் சிறிதாக வெட்டினால் போதும், அதோடு அந்த மருந்து உங்கள் கட்டியில் வேலை செய்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம். அப்புறம் எடுத்த கட்டி என்னிடம் வரும். சில நேரம் எத்தனை சீவல் வெட்டினாலும் ஒரு புற்றுச்செல்கூட இல்லாமல், வெறும் தழும்பு மட்டும் இருக்கும். அந்த ரிப்போர்ட்டை எழுதும்போது, முகம் தெரியாத அந்த ஆளுக்காக மனசு நிறைந்துவிடும்.

ஒரு காலத்தில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகட்டிகளையும் சேர்த்து அடியோடு எடுத்தார்கள், நிறைய வெட்டினால் நிறையக் குணம் என்று நம்பி. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் முழு மார்பகத்தை எடுத்தவர்களும் ஒரே அளவு உயிர் பிழைத்திருந்ததை 20 வருடம் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்டார்கள். அறுவை, ரேடியேஷன், கீமோ தவிர, ஹார்மோன் மாத்திரை, குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து, இம்யூனோதெரபி என்று இன்று கையில் நிறைய இருக்கிறது. புற்றுச்செல் நோய் எதிர்ப்புச் சக்திக்குப் போடுகிற பிரேக்கை விடுவிப்பதுதான் இம்யூனோதெரபி, அதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது, எது பொருந்தும் என்பது பெரும்பாலும் அந்த பயாப்சித் துணுக்கிலேயே இருக்கும்.

கீமோ எடுக்கிறவர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். முடி கொட்டினால் திரும்ப முளைக்கும், ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி 2 மணியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: சர்க்கரையை முழுக்க நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடுமா?

சாகாது. பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளைச் செலுத்தித்தான் கட்டியைக் காண்கிறோம், அதிலிருந்து வந்த எண்ணம் இது. கட்டி குளுக்கோஸை நிறைய எடுக்கிறது என்பது உண்மை. நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் தயாரித்துக் கொடுக்கும், கட்டி எடுத்துக்கொள்ளும், இளைப்பது நீங்கள்தான். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் போகும்.

கேள்வி: ரேடியேஷன் எடுத்துவிட்டு வரும் அம்மாவைக் குழந்தை தொடலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கிற கதிர் உடம்பில் தங்காது. மடியில் உட்கார வையுங்கள். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தாலோ, உடம்புக்குள் கதிர்ப்பொருள் வைத்திருந்தாலோ மட்டும் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு என்ன நோய் என்று அவரிடம் சொல்லவில்லை. 'புண்ணுக்கு ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். சொன்னால் உடைந்துவிடுவார். செய்தது சரியா?
– மகள்

அன்பினால் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆஸ்பத்திரிப் பலகை, பக்கத்து நாற்காலியில் இருப்பவர், உங்கள் முகம், எல்லாம் சொல்லிவிடும். தெரிந்தும் உங்களுக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிற அப்பாக்களைப் பற்றி எத்தனையோ டாக்டர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பயத்தைப் பேச ஆள் இல்லாமல் தனியாகிவிடுவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். 'அப்பா, உங்களுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா' என்று கேளுங்கள், அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். அவருடைய உடம்பு, அவருடைய முடிவு. வலி இருந்தால் அதற்கென்று வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கடைசி நாட்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்காதீர்கள், சிகிச்சை தொடங்கும்போதே அவர்களைப் பார்க்கலாம்.

கேள்வி: சிகிச்சை முடிந்து 3 வருடம். ஒவ்வொரு செக்கப்புக்கு முன்னாலும் ஒரு வாரம் தூக்கம் இல்லை. 5 வருடம் முடிந்தால் முழு குணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

5 வருடம் என்பது புள்ளிவிவரத்துக்காக வைத்த ஒரு அளவு, எல்லாக் கார்சினோமாவுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. தலை, கழுத்து ஸ்குவாமஸ் செல் கார்சினோமா திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் 2, 3 வருடத்துக்குள் வரும், அதைத் தாண்டினால் நல்ல அறிகுறி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் 10 வருடம் கழித்தும் வரலாம், அதனால்தான் தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை 5 முதல் 10 வருடம் வரை சாப்பிடச் சொல்கிறார்கள், 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நடுவில் நிறுத்தாதீர்கள். உங்களுடையது எந்த வகை என்று எழுதவில்லை, அதைத் தெரிந்துகொண்டு உங்கள் டாக்டரிடம் 'என் வகைக்கு எந்த வருடம் வரை கவனம் அதிகம் வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். பதில் தெரிந்தால் பயத்துக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

தூக்கம் வராமல் இருப்பது உங்களுக்கு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட எல்லாருக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு. இரண்டு மூன்று வாரமாகியும் போகாத புதிய வலி, இருமல், கட்டி, ரத்தக்கசிவு எது வந்தாலும் செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். போகும்போது முதல் பயாப்சி ரிப்போர்ட்டின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும், புது டாக்டராக இருந்தாலும் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் பாதி விஷயம் அவருக்குப் புரிந்துவிடும்.